அத்தியாயம் 9: போடி வண்டியின் முதுகு

ரயில் படம் எடுக்க வருகிறவர்களுக்கு எல்லாரும் முதலில் சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். இன்ஜினின் முகமும் ஒரு பக்கவாட்டும் சேர்ந்து தெரிகிற மாதிரி தண்டவாளத்துக்குச் சாய்வாக நில்லுங்கள். வண்டி உங்களை நோக்கி வரும்போது அழுத்துங்கள். இந்தப் புத்தகத்தில் நானே அதைத்தான் முன்னால் எழுதியிருக்கிறேன். போடி லைனுக்கு வருகிறீர்கள் என்றால் அதை மறந்துவிட்டு வாருங்கள்.

மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் வரை சுமார் 90 கிலோமீட்டர். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி என்று பாதை கிட்டத்தட்ட நேர் மேற்காகப் போய் மலையடிவாரத்தில் முட்டி நிற்கிறது. அதற்கு மேல் லைன் கிடையாது. காலையில் வண்டி மேற்கே வருகிறது, சூரியன் கிழக்கே இருக்கிறது, இன்ஜின் முகம் இருட்டு. மாலையில் வண்டி கிழக்கே திரும்புகிறது, சூரியன் மேற்கே போய்விட்டது, அப்போதும் முகம் இருட்டு. இரண்டு வேளையும் வெயில் விழுவது கடைசிப் பெட்டியின் மேல்தான். வேறு ஊரில் இதைக் குறை என்பேன். இங்கே காலை வண்டியின் கடைசிப் பெட்டிக்கு நேர் பின்னணியாக ஏலமலைச் சுவர் முழுசாக வெயிலில் நிற்கிறது. போடியில் எடுக்க வேண்டிய படம் வருகிற வண்டி அல்ல, போகிற வண்டி.

இதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. எண்பதுகளில் நாங்கள் நாலு பேர், பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள், இரவல் வாங்கிய ஒரு அக்ஃபா க்ளிக் 3 கேமராவோடு ஊருக்கு வெளியே போய் நின்றோம். 120 பிலிம், மொத்தம் 12 படம். பதினொன்றை இன்ஜின் பக்கத்தில் ஆளுக்கு ஆள் நின்று முந்தின நாளே தீர்த்தாகிவிட்டது. மிச்சம் ஒன்று. வண்டி வந்தது, அழுத்தப் போனபோதுதான் நினைவு வந்தது. பிலிமைச் சுற்றவில்லை. சுற்றி முடித்து நிமிர்வதற்குள் வண்டி எங்களைத் தாண்டிவிட்டது. ஆத்திரத்தில் போகிற வண்டியைப் பார்த்து அழுத்திவிட்டேன். கழுவி வந்ததில் பதினொன்றும் வெளுத்துப்போன முகங்கள். பன்னிரண்டாவதில் மீட்டர் கேஜ் வண்டியின் கடைசிப் பெட்டி, அதன் வாசலில் சுருட்டிய கொடியோடு எங்களைத் திரும்பிப் பார்க்கும் கார்டு, அவருக்குப் பின்னால் மலை. இன்றைக்கும் அதுதான் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

கடைசிப் பெட்டி என்றால் ஏதோ மிச்சம் மீதி என்று நினைக்க வேண்டாம். ரயில்வேக்காரர்கள் பார்ப்பதே அதைத்தான். அதன் பின்புறத்தில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கும், எல்.வி. (லாஸ்ட் வெஹிக்கிள்) என்று எழுதிய பலகை தொங்கும், இரவில் சிவப்பு விளக்கு சிமிட்டும். வண்டி ஸ்டேஷனைக் கடக்கும்போது அங்கே நிற்கிற ஊழியர் அந்தக் குறியைப் பார்த்த பிறகுதான், நடுவில் பெட்டி எதுவும் கழன்று நின்றுவிடவில்லை, வண்டி முழுசாகப் போய்விட்டது என்று உறுதி செய்வார். கார்டும் அங்கேதான் இருப்பார். 2022இலிருந்து அவருடைய பதவிப் பெயர் ரயில் மேலாளர். வாயில் இன்னும் கார்டு என்றுதான் வருகிறது.

நாளும் நேரமும்

இதை எழுதும்போது போடிக்கு வருகிற வண்டிகள் இரண்டே. ஒன்று, காலை 8:20 வாக்கில் மதுரையில் கிளம்பி 10:30 வாக்கில் போடி சேரும் அன்றாட வண்டி. பகல் முழுக்க இங்கே படுத்துக் கிடந்துவிட்டு மாலை 5:50 வாக்கில் திரும்பும். இன்னொன்று, வாரம் மூன்று நாள் சென்னை சென்ட்ரலிலிருந்து இரவு கிளம்பி, காட்பாடி, சேலம், கரூர், மதுரை வழியாகச் செவ்வாய், வியாழன், சனி காலைகளில் 9:30 தாண்டி வந்து சேர்வது. செவ்வாயும் வியாழனும் அன்றிரவே 8:30க்குத் திரும்பிவிடும். ஆகவே இந்த இரண்டு கிழமைகளில் வந்தால் ஒரே நாளில் நாலு வாய்ப்பு. சனிக்கிழமை மூன்று. மற்ற நாட்களில் இரண்டோ மூன்றோ. ரயில்வே நேரம் மாற்றிக்கொண்டே இருக்கும், கிளம்புவதற்கு முந்தின நாள் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நாளைக்கு நாலே வண்டியா என்று ஈரோட்டிலிருந்தோ அரக்கோணத்திலிருந்தோ வருகிறவர்கள் சிரிப்பார்கள். எங்களுக்கு அது பெரிய எண்ணிக்கை. 1928இல் ஏலக்காயையும் மற்ற மலைச்சரக்கையும் இறக்குவதற்காக வந்த பாதை இது. இரண்டாம் உலகப் போரில் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள், ஐம்பதுகளில்தான் திரும்பப் போட்டார்கள். பிறகு அகலப்பாதை ஆக்குவதற்காக 2010 டிசம்பர் கடைசியோடு நிறுத்தினார்கள். மதுரையிலிருந்து தேனிவரை 2022 மே மாதம் வண்டி வந்தது. போடி வந்து சேர 2023 ஜூன் 15 ஆனது. பன்னிரண்டரை வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைகள் ரயில் பார்க்க வெளியூருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

பருவத்தைப் பற்றி. கார்த்திகை முதல் தை வரைதான் நல்ல காலம். வடகிழக்கு மழை காற்றைக் கழுவிவிட்டிருக்கும், மலையின் மடிப்புகள் ஒவ்வொன்றாகத் தெரியும், அடிவாரம் பச்சையாக இருக்கும். ஆனி, ஆடியில் மலைமேல் எந்நேரமும் மேகம் கவிழ்ந்திருக்கும், கீழே சாரலும் காற்றும். அந்த மேகத்துக்கும் ஒரு அழகு உண்டு. ஆனால் வெளியூரிலிருந்து ஒரே ஒரு நாள் வருகிறவர் அதை நம்பி வரக் கூடாது.

எந்தப் பக்கம் நிற்பது என்பதும் மாதத்தைப் பொறுத்தது. பாதை கிழக்கு மேற்காக இருப்பதால், ஐப்பசியிலிருந்து மாசி வரை வெயில் தண்டவாளத்தின் தெற்குப் பக்கம் விழும். சித்திரை தொடங்கி ஆவணி பிறக்கும் வரை சூரியன் வடக்கே சாய்ந்துவிடும், அப்போது வடக்குப் பக்கம்தான் வெளிச்சம். போன வருஷம் தையில் நின்ற அதே வரப்பில் இந்த வருஷம் வைகாசியில் வந்து நின்றால் பெட்டிகளின் பக்கவாட்டு முழுக்க நிழலில் கிடக்கும். நான் நின்றிருக்கிறேன்.

காலை: தேனிக்கும் போடிக்கும் நடுவே

தேனியிலிருந்து போடி ரயில் பாதை 15 கிலோமீட்டர். பூதிப்புரம், கோடாங்கிபட்டி பக்கத்து வயல் பாதைகளில் எங்கே இறங்கினாலும் மேற்கே மலை தெரியும். 9 மணிக்கு முன்னால் போய்விடுங்கள். நின்று, நடந்து, தென்னை எங்கே மறைக்கிறது, கம்பம் எங்கே விழுகிறது என்று பார்க்க நேரம் வேண்டும். (கம்பம் என்றால் எங்கள் மாவட்டத்தில் ஊர். நான் சொல்வது மின்கம்பத்தை.) பாதையில் மின்கம்பிகள் ஏறிவிட்டன. ஒற்றைப் பாதை என்பதால் கம்பங்கள் பெரும்பாலும் ஒரு பக்கமாகவே வரிசை கட்டி நிற்கும். கம்பம் இல்லாத பக்கமும் வெயில் பக்கமும் ஒன்றாக அமைகிற இடத்தைத் தேடிப் பிடிப்பதுதான் காலை வேலையில் பாதி.

நிலம் யாருடையதோ அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். போன மார்கழியில் வாழைத்தோட்டம் ஒன்றின் வரப்பில் நாங்கள் மூன்று பேரும் மூன்று கால் ஸ்டாண்டோடு நிற்பதைப் பார்த்து தோட்டத்துக்காரர் மம்பட்டியோடு வந்துவிட்டார். ஏதோ நிலம் எடுக்க அளக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார். “இல்லண்ணே, வண்டி போறதப் படம் எடுக்க வந்தோம்” என்றேன். கொஞ்ச நேரம் எங்கள் நரைத்த தலைகளைப் பார்த்தார். “இந்த வயசிலயா?” என்றார். பிறகு, “எடுங்க, எடுங்க. கன்னுல மட்டும் மிதிச்சிராதீங்க” என்றுவிட்டு அவரும் எங்களோடு நின்று வண்டி பார்த்தார்.

எங்கள் செட்டில் வேலைப் பங்கீடு உண்டு. வாத்தியார் ரிட்டையர் ஆனவன். முழங்கால் வலி, அதனால் மடக்கு நாற்காலி அவனுக்கு. அவன் படம் எடுப்பதில்லை, கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு நோட்டில் நேரம் எழுதுவான். வண்டி எங்கே வருகிறது என்று போனில் பார்க்கலாம்தான். ஆனால் வயல் நடுவே சிக்னல் ஒரு கோடு காட்டும், ஒரு கோடு மறையும். நம்பகமானது ரயில்வே கேட். கேட் போட்டால் பைக்குகள் வந்து நிற்கும், ஹாரன் அடங்கும், ஆட்டுக்காரர் கிடையை ஓரம் கட்டுவார். “கேட் போட்டாச்சு” என்று வாத்தியார் சொன்னால் கேமராவைக் கண்ணில் வைக்க வேண்டும். கடைக்காரன் போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கிறவன், போனில்தான் எடுப்பான், எங்களைவிட நன்றாக எடுப்பான். நாலாவது ஆள் சென்னைக்காரன். அவன் சென்னை வண்டிக்குள்ளேதான் வந்துகொண்டிருப்பான்.

இனி, எடுக்கும் முறை. வண்டியின் முகத்தை விட்டுவிடுங்கள் என்று சொன்னாலும் கை கேட்காது, எல்லாரும் ஒன்றிரண்டு அழுத்துவோம். பரவாயில்லை. ஆனால் வெளிச்ச அளவைப் போகிற வண்டிக்காகவே முன்கூட்டி வைத்துவிடுங்கள். வெயில் விழும் மலையையும் அதே வெயிலில் இருக்கிற ஏதாவது ஒரு பொருளையும் பார்த்து அளந்து, கேமராவை மேனுவலில் போட்டுவிட வேண்டும். தானியங்கியில் விட்டால், வருகிற இன்ஜினின் இருட்டு முகத்தைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டும். வண்டி தாண்டிப் போகும்போது கடைசிப் பெட்டி வெளுத்துவிடும். போனில் எடுப்பவர்கள் வண்டி வருவதற்கு முன்பே மலையைத் திரையில் அழுத்திப் பிடித்துப் பூட்டிவிடுங்கள். இரு விரலால் பெரிதாக்காதீர்கள். போனிலேயே இரண்டாவது லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம்.

வேகம். மணிக்கு 100 கிலோமீட்டரில் போகிற வண்டி ஒரு நொடியில் சுமார் 28 மீட்டர் போகும். 250இல் ஒரு பங்கு நொடியில் 11 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், ஆயிரத்தில் ஒரு பங்கில் 3 சென்டிமீட்டருக்கும் குறைவு. பக்கவாட்டிலிருந்து எடுத்தால் ஆயிரம் வேண்டும். நேர் பின்னாலிருந்து, போகிற வண்டியை எடுத்தால் அவ்வளவு தேவையில்லை. அது உங்கள் சட்டகத்தில் இடம் வலமாக ஓடுவதில்லை, சிறுத்துக்கொண்டே போகிறது, அவ்வளவுதான். 500 தாராளம். முகத்தை விட முதுகு எடுக்க எளிது.

லென்ஸ் 70-200 இருந்தால் போதும். நீளமாக இழுக்க இழுக்க மலை வண்டியின் தலைமேல் வந்து உட்காரும். 24இல் எடுத்தால் அதே மலை கரப்பான்பூச்சி உயரம் ஆகிவிடும். வண்டி உங்களைத் தாண்டினவுடனே அழுத்தாதீர்கள். எண்ணுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. தாண்டினவுடன் கடைசிப் பெட்டி சட்டகத்தை அடைத்துக்கொண்டு மலையை மறைக்கும். ஐந்தாறு நொடியில் அது சுருங்கி, மலைக்கு முன்னால் ஒரு தீப்பெட்டி மாதிரி, கார்டின் வெள்ளைச் சட்டை ஒரு புள்ளியாகத் தெரிகிற அளவில் நிற்கும். அந்த இடம்தான் படம். அதற்குப் பிறகு கானல் தின்றுவிடும்.

கானலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 10 மணிக்கு மேல் சரளைக்கல் சூடேறி, தண்டவாளத்தின் மேல் காற்று நெளிய ஆரம்பிக்கும். எவ்வளவு விலை லென்ஸாக இருந்தாலும் அதை ஊடுருவாது. அதனால் சென்னை வண்டியைத் தூரத்தில் விட்டு எடுங்கள், ஒரு மணி நேரம் கழித்து வருகிற மதுரை வண்டியைக் கிட்டத்தில் எடுங்கள்.

போன மார்கழி வியாழனில் சென்னை வண்டி எங்களைத் தாண்டியபோது நடுப்பெட்டி ஜன்னல் ஒன்றிலிருந்து மஞ்சள் துண்டு ஆடியது. வாத்தியார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். “நம்மாளுடா!” நான் எண்ண மறந்துவிட்டேன். படத்தில் கடைசிப் பெட்டி சட்டகத்தில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டிருக்கிறது.

சட்டமும் கம்பியும்

ரயில்வே எல்லைக்குள் அனுமதியின்றி நுழைவது 1989 ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவில் குற்றம். 6 மாதம் வரை சிறை அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். வயல் வரப்பு, ஊர்ப் பாதை, கேட்டுக்கு வெளியே, மேம்பால நடைபாதை ஆகிய இடங்களில் நின்று நல்ல படம் கிடைக்காவிட்டால் அந்தப் படம் வேண்டாம். தண்டவாளத்தின் நடுவே உட்கார்ந்து எடுக்கும் கல்யாண ஆல்பக்காரர்களைப் பின்பற்றாதீர்கள். பிளாட்பாரத்தில் எடுக்க பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு, ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு எடுங்கள். வேண்டாம் என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட வேண்டியதுதான்.

மேலே ஓடுகிற கம்பியில் 25,000 வோல்ட். தொட வேண்டும் என்றில்லை, 2 மீட்டர் நெருங்கினாலே ஆபத்து. மேம்பாலத்திலிருந்து செல்ஃபி குச்சியை நீட்டுவது, பிளாட்பார ஓரத்தில் குடையையோ ஸ்டாண்டையோ தூக்கிப் பிடிப்பது எதுவும் கூடாது. மீட்டர் கேஜ் காலத்தில் பெட்டிக் கூரையில் உட்கார்ந்து வந்தவர்கள் நாங்கள். அந்தப் பழக்கத்தில் எங்களில் ஒருவன் பாலத்தின் மேல் குடையை நீட்டினான். மற்ற இருவரும் சேர்ந்து போட்ட சத்தத்தில் கீழே டீக்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார்.

நடுப்பகல்: இன்னொரு ரயில்

10:30 தாண்டினால் மாலை வரை வண்டி கிடையாது. வெயிலும் உச்சிக்குப் போய்விடும். அப்போது மலைக்குப் போங்கள்.

முதலில் டவுனுக்குள் ஒரு சுற்று. ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் ஏலம் நடக்கிற ஊர் இது. கடை வீதியில் நடந்தாலே வாசனை சொல்லிவிடும். கிட்டங்கிகளில் பெண்கள் உட்கார்ந்து காய் பிரித்துக்கொண்டிருப்பார்கள். கேட்காமல் கேமராவைத் தூக்காதீர்கள். கடைக்காரன் தன் கடையில் ஒரு கைப்பிடி அள்ளிக் காட்டினான். 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது ஒரு குவியல், உடைந்தது ஒரு குவியல், நிறம் வெளுத்தது தனி. “ஏலக்காய்க்குத்தானடா ரயிலு விட்டான்” என்றான் வாத்தியார். கடைக்காரன் கையைத் தட்டிக்கொண்டான். “ஆமா மாப்ள. என் சரக்கு இன்னும் லாரியிலதான் போகுது.”

அப்புறம் முந்தல். போடியைத் தாண்டி மலையடிவாரத்தில் பாதை இரண்டாகப் பிரிகிற இடம். ஒன்று 17 கொண்டை ஊசி வளைவுகளோடு போடிமெட்டுக்கு ஏறி மூணாறுக்குப் போகிறது. மற்றொன்று கொட்டகுடி, குரங்கணிப் பக்கம். ரயில் பைத்தியங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இந்த இரண்டாவது பாதையில் இருக்கிறது.

மூணாறில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது. குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902இல் முதலில் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுத்த வண்டி. 1908இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலப் பாதை போட்டு நீராவி இன்ஜின் ஓட்டினார்கள். மூணாறிலிருந்து தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரும். அங்கிருந்து மலைச் சரிவில் கட்டிய ரோப்வேயில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு, பாட்டம் ஸ்டேஷனுக்கு இறங்கும். அங்கிருந்து போடிக்கு. இன்றைக்கும் டாப் ஸ்டேஷன் என்ற பெயரைப் பார்த்து அங்கே ஏதோ போலீஸ் ஸ்டேஷன் இருந்திருக்கும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. 1924 ஜூலை வெள்ளம், மலையாளத்துக்காரர்கள் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்று சொல்வது, கொல்லம் ஆண்டு 1099இல் வந்ததால் அந்தப் பெயர், மூணாறு ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. அதற்கு நாலு வருஷம் கழித்துத்தான் போடிக்கு ரயில் வந்தது. மேலே இருந்த ரயிலும் கீழே வந்த ரயிலும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை.

பாட்டம் ஸ்டேஷன் பக்கம் போய் அந்தச் சரிவை அண்ணாந்து பார்த்து ஒரு படம் எடுங்கள். படத்தில் ரயில் இருக்காது. ஆனாலும் இந்த அத்தியாயத்துக்கு அது சேர்த்தி. குரங்கணியிலிருந்து மேலே நடக்க வேண்டுமானால் வனத்துறை அனுமதி கட்டாயம், கோடையில் பாதையை மூடிவிடுவார்கள். 2018 மார்ச் 11 அன்று இந்தச் சரிவில் பிடித்த காட்டுத் தீயில் மலையேற வந்தவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். யாராவது ஒரு ஜீப்காரர், நான் கூட்டிக்கொண்டு போகிறேன், ஒன்றும் ஆகாது என்றால் கேட்காதீர்கள்.

போடிமெட்டு ஏறுகிறவர்கள் வளைவுகளில் வண்டியை நிறுத்திக்கொண்டு கீழே பார்ப்பார்கள், சமவெளியும் தென்னந்தோப்பும் போடி டவுனும் விரிந்து கிடக்கும். இங்கிருந்து ரயிலை எடுக்கலாமே என்று தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. 600 லென்ஸை வாடகைக்கு எடுத்து, முந்தின ராத்திரி தூங்காமல் திட்டம் போட்டு, வளைவு ஒன்றில் ஓரமாக நின்று காத்திருந்தோம். கடைக்காரன் ஸ்டேஷன் பக்கத்தில் நின்று போனில் வர்ணனை சொன்னான். “வருது, வருது… இதோ வந்திருச்சு, பாரு!” எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. எடுத்த நாற்பது படங்களையும் வீட்டில் வந்து பெரிதாக்கித் தேடியதில் ஒன்றில் மட்டும், புழுதிப் படலத்துக்குள் சாம்பல் நிறத்தில், மண்புழு மாதிரி ஏதோ இருந்தது. அது ரயில் என்று நான் சொல்கிறேன். காம்பவுண்டுச் சுவர் என்று வாத்தியார் சொல்கிறான். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வெப்பக் காற்றை லென்ஸால் வெல்ல முடியாது. வாடகை போனது போனதுதான்.

ஆண்டிபட்டிக் கணவாயையும் சிலர் சிபாரிசு செய்வார்கள். பாறையை வெட்டி வழி விட்டிருக்கிற இடம். வண்டியில் உட்கார்ந்து பார்க்க அருமை. ஆனால் வெட்டுக்குள் காலையில் வெளிச்சம் இறங்காது, பாதுகாப்பாக நிற்கவும் தோதான இடம் குறைவு. நான் போவதில்லை.

மாலையும் இரவும்

மாலை வண்டிக்கு ஸ்டேஷனின் மேற்குப் பக்கமாக, லைன் முடிகிற பக்கம், வெளிச்சாலையில் நில்லுங்கள். வண்டி உங்களை விட்டுக் கிழக்கே போகும். மேற்கு வெயில் கடைசிப் பெட்டியில் பொன் மாதிரி அடிக்கும் என்று எழுத ஆசைதான். ஆனால் போடியில் சூரியன் பஞ்சாங்கத்துக்கு அரை மணி முன்னாலேயே மலைக்குப் பின்னால் போய்விடும். மார்கழியில் 5:50க்கு ஊர் முழுக்க மலை நிழலில் கிடக்கும். வைகாசி, ஆனியில் வெயில் கிடைக்கலாம், மேகம் விட்டால். ஆகவே குளிர்காலத்தில் நான் மாலை வண்டிக்கு மட்டும் கட்சி மாறிவிடுவேன். கிழக்கே போய், மேற்கே பார்த்து நிற்பேன். வானத்துக்கு மட்டும் வெளிச்சம் அளந்தால் மலை கருப்பாக, வண்டி கருப்பாக, இன்ஜின் விளக்கு மட்டும் ஒரு பொட்டு. விதிக்கு இது ஒரு விலக்கு. முகத்தை எடுக்கிறோம், ஆனால் முகம் தெரிவதில்லை.

இரவு வண்டிக்கு முன் சாப்பிட்டுவிடுங்கள். அந்த மார்கழி வியாழனன்று நாங்கள் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கொத்துபரோட்டாவுக்குச் சொல்லிவிட்டு, தட்டும் சத்தத்துக்கு நடுவே அன்றைய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சென்னைக்காரன் தன் மஞ்சள் துண்டு எந்தப் படத்திலாவது விழுந்திருக்கிறதா என்று தேடினான். கடைக்காரன் போனில் விழுந்திருந்தது.

இரவு ரயில் படம் என்றால் ஓ. வின்ஸ்டன் லிங்க் என்ற அமெரிக்கரைச் சொல்லாமல் முடியாது. 1955 முதல் சில வருஷம் வர்ஜீனியாப் பக்கம் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் கம்பெனியின் கடைசி நீராவி வண்டிகளை ராத்திரியில் எடுத்தவர். சூரியனையும் நகர்த்த முடியாது, தண்டவாளத்தையும் நகர்த்த முடியாது, அதனால் வெளிச்சத்தை நானே கொண்டுவருகிறேன் என்ற கட்சி அவருடையது. டஜன் கணக்கில் பிளாஷ் பல்புகளை மைல் கணக்கான ஒயரில் கோத்து, ரயில் கம்பெனியின் ஒத்துழைப்போடு எடுத்தார். நீங்கள் அந்த வேலையில் இறங்க வேண்டாம். ஓட்டுநரின் கண்ணில் பிளாஷ் அடிப்பது அவரையும் பின்னால் இருக்கிற ஆயிரம் பேரையும் கண்ணைக் கட்டி விடுவதற்குச் சமம். லிங்கிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய முன்தயாரிப்பை. வண்டி கிளம்புவதற்கு ஒரு மணி முன்னால் போய், ஸ்டேஷன் விளக்குகள் எங்கே விழுகின்றன, பிளாட்பாரத் தூண் எங்கே முடிகிறது, கடைசிப் பெட்டி எங்கே நிற்கிறது என்று நடந்து பாருங்கள்.

பிறகு செய்வது எளிது. ஸ்டாண்டு வைத்து, அனுமதி இல்லையென்றால் பிளாட்பாரத்துப் பெஞ்சின் கைப்பிடியில் கேமராவை ஊன்றி, ஐ.எஸ்.ஓ. 100, துளை 11, திறந்திருக்கும் நேரம் 8 நொடி. இரண்டு நொடி டைமர் போட்டுவிட்டால் கை அசைவு வராது. வண்டி நகர ஆரம்பித்ததும் அழுத்த வேண்டும். வேகம் பிடிப்பதற்குள் கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு எட்டு நொடியில் தண்டவாளத்தின் மேலே ஒரு கோடாக இழுத்துக்கொண்டு போகும். விளக்கு சிமிட்டுவதால் அது முழுக்கோடாக வராது, விட்டு விட்டு, தையல் போட்ட மாதிரி வரும். அதுதான் அழகு. நின்றிருக்கிற பிளாட்பாரம், தூண், பெயர்ப்பலகை எல்லாம் கூர்மையாக இருக்கும். நடந்துபோகிற ஆட்கள் ஆவி மாதிரி கரைந்துவிடுவார்கள். ஒருமுறைதான் வாய்ப்பு, அடுத்தது அந்த வண்டி கிளம்பும் அடுத்த நாளில்தான்.

அன்றைக்குச் சென்னைக்காரன் 8:30 வண்டியில் திரும்பினான். பெட்டியில் பையை வைத்துவிட்டு வந்து ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம் கை நீட்டினான். கடைக்காரன் அதில் கால் கிலோ காய் பொட்டலம் ஒன்றை வைத்தான். நான் போய்க் கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பச்சை விளக்கு ஆடியது. வண்டி அசைந்தது. அழுத்தினேன். வாத்தியார் பக்கத்தில் நின்று வாய்விட்டு எட்டுவரை எண்ணினான்.

திரையில் படம் வந்தது. போடிநாயக்கனூர் என்ற பலகை, காலி பெஞ்சு, இருட்டுக்குள் தையல் போட்டுக்கொண்டு போகிற சிவப்பு. சரியாக வந்திருந்தது. தேனி தாண்டுவதற்குள் போன் வந்தது.

“எடுத்தியாடா? ஜன்னல்ல இருந்து கை காட்டிக்கிட்டே போனேன்.”

“எட்டு செகண்டு தொறந்து வச்சிருந்தேன்டா. அதுல உன் கை எங்கிட்டு விழும்?”

“அப்ப நான் இல்லையா அதுல?”

வாத்தியார் போனைப் பிடுங்கி, “இருக்கடா, செவப்புக் கோட்டுக்கு முன்னாடி இருக்க” என்றான்.